செவ்வாயின் ஆற்றைப் பார்த்த இரண்டு பேர்

செவ்வாய்க் கிரகத்தில் ஓடிய ஆற்றை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். பார்த்த இடம் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ். எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே. அப்போது என் இடது கையில் முறுக்கு இருந்தது. ராக்கெட் விடுகிற தேசங்கள் கோடி கோடியாகக் கொட்டியும் இன்னும் பார்க்காத ஆற்றை நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே பார்த்தேன். கரையில் இறங்கிக் காலைக்கூட நனைத்திருப்பேன், நடுவில் பிளாஸ்டிக் இருந்ததால் விட்டுவிட்டேன். இன்னொரு விஷயம், அதில் ஓடியது தண்ணீர் இல்லை.

சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸே சிரித்தது. ரெங்கசாமி என்ற என் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. ‘யானை டிக்கெட் அண்ணன்’ என்றால் தெரியும். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தபோது, தாப்பா ரோட் ஸ்டேஷனில் டிக்கெட் இல்லாமல் ஏறிய யானைக்கு நான் அபராதம் போட்டதாக ஒரு கதை உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். அந்த யானை கடைசிவரை பணம் கட்டவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். அந்த அளவுக்கு நேர்மையான ஆள்.

ஆனால் சிரிக்கிறவர்கள் வேறு, சந்தேகப்படுகிறவர் வேறு. சிரிக்கிறவர்களுக்கு ஆறு ஓடினால் என்ன, மோர் ஓடினால் என்ன? சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவர்தான், டாக்டர் விமலன். அவர் சந்தேகத்துக்குத்தான் மதிப்பு. அன்றைக்கு என் தோளோடு தோள் உரச நின்று அந்த ஆற்றைப் பார்த்த இன்னொரு ஆள் அவர்தான்.

வாணியிலிருந்து தொடங்குகிறேன். என் மனைவி சீதாலெட்சுமியின் அண்ணன் மகள். ஷா ஆலமில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த விரிவுரையாளர். எங்கள் வீட்டு நடு அறையில் தங்கியிருந்தாள். கட்டிலுக்கு அடியில் செருப்பு வைப்பார்கள். இவள் கல் வைத்திருப்பாள். குவாந்தானிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்த எரிமலைக் கல். செவ்வாயின் தரையும் ஏறக்குறைய அந்த வகைக் கல்தானாம்.

செவ்வாயில் இன்றைக்கு ஒரு சொட்டும் ஓடவில்லை. ஆனால் மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் தரை முழுக்க ஆறு ஓடி வற்றிய தடம். வளைவு இருக்கிறது, கிளை இருக்கிறது, கழிமுகம் மாதிரி விரிந்த மண் இருக்கிறது. அதையெல்லாம் அறுத்தது எது என்பதுதான் சண்டை. பெரும்பாலோர் தண்ணீர் என்கிறார்கள். சிலர் எரிமலைக் குழம்பு என்கிறார்கள், சிலர் உப்புக் கரைசல் என்கிறார்கள். ஒரு சின்னக் கூட்டம் மட்டும், நாம் மூச்சில் விடுகிறோமே அந்தக் கரியமில வாயு, அழுத்தத்தில் திரவமாகி ஓடியிருக்கலாம் என்கிறது. வாணி அந்தச் சின்னக் கூட்டம். மலேசியாவில் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான், என்னைச் சேர்க்காவிட்டால்.

“மாமா, அந்தக் காலத்துல சூரியனுக்கே இவ்ளோ சூடு கிடையாது. அந்தக் குளிர்ல தண்ணி கல்லாட்டம் உறைஞ்சிடும். ஆனா காத்து பூரா கரியமில வாயு. பனிக்கு அடியில மாட்டி அழுத்தம் ஏறினா அது தண்ணியாட்டம் ஓடும்.”

“அப்ப தண்ணியே இல்லங்கிற?”

“ஐயோ, அப்படிச் சொல்லலையே. சில இடத்துல இதுவும் ஓடியிருக்கலாம். அவ்ளோதான்.”

அவள் சொன்ன ‘சில இடத்துல’, ‘ஓடியிருக்கலாம்’ இரண்டும் டிக்கெட் இல்லாத பயணிகள். நான் ஊருக்குள் போய்ச் சொல்லும்போது இரண்டையும் இறக்கிவிட்டுவிடுவேன். ‘எங்க வாணி செவ்வாயில தண்ணியே இல்லைன்னு நிரூபிச்சிட்டா’ என்றுதான் காய்கறிக் கடை வரைக்கும் பேச்சு.

டாக்டர் விமலன் அவளுடைய துறைத் தலைவர். வானொலியில் பேசுவார், கோயில் மண்டபத்தில் பேசுவார், யாராவது ரிப்பன் வெட்டினால் அங்கேயும் பேசுவார். நல்ல குரல், நல்ல மீசை. இருபது வருடமாக அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: செவ்வாயில் ஓடியது தண்ணீர். அதற்குக் களிமண், கூழாங்கல் என்று நல்ல ஆதாரங்கள் இருந்தன. அதை வாணியே ஒப்புக்கொள்வாள். ஆனால் அவருக்கு ஆதாரத்தைவிடக் கைதட்டல் பிடிக்கும். “தண்ணியைத் தவிர வேற எதுவோ ஓடுச்சாம். அப்ப அது சோடாதான்” என்று ஒரு மேடையில் சொன்னார். மறுநாளிலிருந்து துறையில் இவள் பெயர் சோடா வாணி.

அவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கலம் இருந்தது. தடித்த இரும்பு, பக்கவாட்டில் பார்க்கிற கண்ணாடி, உள்ளே எவ்வளவு அழுத்தம் வேண்டுமானாலும் ஏற்றலாம். அது ஒரு வருடம் வாணி கையில் இருந்தால் திரவக் கரியமில வாயு மண்ணை அறுக்குமா அறுக்காதா என்று தெரிந்துவிடும். அதற்கு விமலன் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆய்வு இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் வருடக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தமும் இல்லை. பல தடவை கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவர் சிரித்தபடி சொன்னார்: “முதல்ல ஒரு குட்டி ஆறாவது ஓட விட்டுக் காட்டும்மா. என் கண்ணால பார்த்துட்டா அன்னிக்கே கையெழுத்து.”

அவர் சொன்னது பகடி. அவள் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

கிள்ளானில் பிரவின் என்று ஒருவர் கல்யாண அலங்காரம் செய்கிறார். பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது மேகத்தில் மிதந்து வருகிற மாதிரி காலடியில் புகை வருமே, அதற்கு டிரை ஐஸ் வேண்டும். உறைந்த கரியமில வாயுதான் டிரை ஐஸ். சாதாரணமாக அது உருகாது, கட்டியிலிருந்து நேராகப் புகையாகிவிடும். அடைத்து வைத்து அழுத்தம் ஏற்றினால்தான் திரவமாகும். தீபாவளிக்கு முதல்நாள் நடந்த ஒரு கல்யாணத்தில் மீந்ததை பிரவின் ஒரு மீன்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து வாணியிடம் கொடுத்தார். “எதுக்கு அக்கா, வீட்ல ரிசப்ஷனா?” என்றார். “ஆமா, செவ்வாய்க்கும் எங்க வாணிக்கும்” என்றேன் நான். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே லோரியில் ஏறினார்.

தீபாவளி ஓபன் ஹவுஸ் விருந்துக்கு மேலதிகாரியைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, கூப்பிட்டால் அவர் வராமல் இருக்கவும் முடியாது. அது இந்த ஊர் வழக்கம். விமலன் பட்டு ஜிப்பாவில், ஒரு பெட்டி அன்னாசி டார்ட்டோடு வந்தார். சீதாலெட்சுமி பரிமாறினாள். மட்டன் வறுவலை மூன்று முறை வாங்கினார். அதில் எனக்குக் குறை இல்லை, நான் ஏழு முறை வாங்கியவன். கூடத்தில் கூட்டம் டிவி பார்த்துக்கொண்டிருந்தது. கை கழுவ வந்தவரை வாணி பின்பக்கம் அழைத்துப் போனாள்.

“டாக்டர், ரெண்டே நிமிஷம். ஆறு காட்டச் சொன்னீங்கல்ல?”

“என்னம்மா, தீபாவளி அதுவுமா? வெடிக்காதுல்ல?”

“பட்டாசை விட சேஃப்தான் டாக்டர்.”

கை நீளத்துக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய், கண்ணாடி மாதிரித் தெளிவானது. அதைச் சரிவாக முட்டுக்கொடுத்துக் கட்டியிருந்தாள். உள்ளே நெடுக எரிமலைக் கல் தூள் பரப்பியிருந்தது. மேல் முனையில் கம்பி வலைக்குப் பின்னால் டிரை ஐஸ். அங்கேயே ஒரு வால்வு, ஒரு அழுத்தமானி. வால்வை மூடினாள். முள் ஏற ஆரம்பித்தது.

அப்போதுதான் கோலாலம்பூர் தன் வேலையைக் காட்டியது. இந்த ஊர்க் காற்றைப் பிழிந்தால் வாளி நிறையும். அந்தக் குளிர்ந்த குழாயின் மேல் அது வந்து படிந்து, படிந்த வேகத்தில் உறைந்து, குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று கடவுளுக்கும் தெரியாது.

“மாமா, துடைங்க! துடைங்க!” என்று வாணி கத்தினாள். அவளால் நகர முடியாது. முள் அதிகம் ஏறினால் குழாய் பிளந்துவிடும், அதிகம் இறங்கினால் திரவம் மறுபடி பனியாகிவிடும். ஒரு கை வால்வில், இரண்டு கண்ணும் முள்ளில்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உள்ளங்கை அகலம் தேய்த்தேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் அந்த இடம் மூடிக்கொண்டது. மறுபடி தேய்த்தேன். அந்தச் சின்ன ஜன்னலில் நானும் முகத்தை வைத்தேன், பக்கத்தில் விமலனும் வைத்தார். அவர் மீசையில் மட்டன் மசாலா வாசம்.

கம்பி வலைக்குக் கீழே மண் நனைந்த மாதிரி கருத்தது. பிறகு ஒரு கோடு. நிறமே இல்லாத ஒன்று அந்தக் கோட்டில் இறங்கியது. இறங்கும்போதே மண்ணைத் தள்ளியது, கரை சரிந்தது. ஒரு இடத்தில் மனம் மாறினது மாதிரி திரும்பி ஓடியது. அடியில் போய் மெதுவாக மண்ணை விரித்துப் போட்டது.

நான் ஒன்றும் பேசவில்லை. விமலனும் பேசவில்லை.

“தெரியுதா? மாமா, தெரியுதா?” என்றாள் வாணி முள்ளைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

டிக் என்று ஒரு சத்தம். குழாயில் ஒரு கீறல். அவள் வால்வைத் திறந்தாள். புஸ்ஸென்று உள்ளே பனி கிளம்பி, மண்ணைச் சுழற்றி அடித்து, ஆறு, கரை, கழிமுகம் எல்லாவற்றையும் கலக்கிவிட்டது. வாணி குனிந்து பார்த்தபோது அங்கே வெறும் சேறும் பனியும்தான். அவள் தன் ஆற்றைப் பார்க்கவேயில்லை.

கதவருகில் நின்று சீதாலெட்சுமி கைப்பேசியில் படம் பிடித்திருந்தாள். போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் புகை. நடுவில் என் முழங்கை மட்டும் அருமையாக விழுந்திருந்தது.

“டாக்டர், பார்த்தீங்கல்ல?” என்றாள் வாணி. அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் இதுவரை எந்தக் கார்த்திகையிலும் பார்த்ததில்லை.

விமலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடுமுறை முடியட்டும், பேசுவோம்மா” என்றார். டார்ட் பெட்டியை மறக்காமல் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு முறுக்கு ஒரு பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிக்கொண்டு போனார்.

விடுமுறை முடிந்து வாணி போனபோது அவர் சொன்னது இதுதான்: “என் கண்ணுக்குப் பனிதான்மா தெரிஞ்சுது. ஆறுன்னு எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?” கூடவே, வீட்டில் அழுத்தக் குழாய் வைத்து விளையாடியதற்கு ஒரு எச்சரிக்கை.

வாணி விடவில்லை. அடுத்த மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபத்தில் விமலனுக்குப் பேச்சு. முன்வரிசையில் அவர்கள் புல முதல்வர் உட்கார்ந்திருந்தார், டத்தோ பட்டம் வாங்கியவர், நம்மவர்தான். கேள்வி நேரத்தில் வாணி எழுந்தாள்.

“டாக்டர், தீபாவளி அன்னிக்கு எங்க வீட்ல நீங்க என்ன பார்த்தீங்க? அதை மட்டும் சொன்னா போதும்.”

விமலன் மைக்கை ஆசையாகப் பிடித்தார். “உங்க வீட்ல நான் பார்த்தது மட்டன் வறுவல்மா.” மண்டபம் சிரித்தது. “பிரமாதமான வறுவல். அப்புறம் கொஞ்சம் புகை. கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை வர்றப்ப விடுவாங்களே, அது. ஆனா பொண்ணும் வரல, மாப்பிள்ளையும் வரல, ஆறும் வரல.”

“முகத்தை வச்சுப் பார்த்தீங்க டாக்டர்.”

“வச்சேன்மா. மூக்குதான் குளிர்ந்துச்சு.”

டத்தோ திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர், முகத்தில் அக்கறை இருந்தது. “வேற யாராச்சும் பார்த்தாங்களாம்மா?”

வாணி திரும்பினாள். என் பக்கம் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். எழுந்திரு என்று கெஞ்சினாளா, உட்கார் என்று கெஞ்சினாளா, யார் கண்டது? நான் எழுந்துவிட்டேன்.

“நான் பார்த்தேன் டத்தோ! ரெங்கசாமி, ரயில்வே!”

“யானை டிக்கெட் அண்ணன்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்கே பாதி மண்டபம் குலுங்கியது.

நீங்களே சொல்லுங்கள். எதிரே நூறு முகம், எல்லாம் சிரிக்கிற முகம். அங்கே போய் ‘ஒரு சாண் நீளத்துக்கு மண்ணில் ஒரு கோடு விழுந்தது’ என்றால் எவன் அசைவான்? விமலன் ஒரு கிரகத்தையே கையில் வைத்திருந்தார். நானும் கொஞ்சம் பெரிதாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“ஆறுன்னா எப்படி ஆறு டத்தோ! கிள்ளான் ஆறு தோத்துச்சு! வளைஞ்சு, நெளிஞ்சு, கரையை உடைச்சுக்கிட்டு வந்து, கடைசியில போர்ட் கிள்ளான் மாதிரி விரிஞ்சுது. கப்பல் ஒண்ணுதான் நிக்கல!”

“மீன் இருந்துச்சா அண்ணே?”

“மீன் இருந்துச்சான்னு கவனிக்கல. ஆனா கவுச்சி வாடை வந்துச்சு.”

அவ்வளவுதான். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரு அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். டத்தோ கண்ணில் வழிந்த நீரைத் துடைத்தார், செவ்வாயில் ஓடாத தண்ணீரெல்லாம் அவர் கண்ணில் ஓடியது. விமலன் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கில் மிக மரியாதையாகச் சொன்னார்: “நன்றி அண்ணே. சாட்சி சொல்லியாச்சு.”

மாடிப்படியில் வாணி எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். தெருவுக்கு வந்ததும் நின்றாள்.

“நீங்க பார்த்ததே போதுமா இருந்துச்சு மாமா. அதுக்கு மேல எதுக்கு?”

“ஜனங்களுக்குப் புரியணுமில்ல?”

“புரிஞ்சிடுச்சு” என்றாள். வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

பொய்யே தொழிலாக இருக்கிறவன் உண்மையைச் சொன்னான். உண்மையே தொழிலாக இருக்கிறவர் பொய்யைச் சொன்னார். மண்டபம் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதில் யாரைக் குறை சொல்வது? நான் விமலனைத்தான் சொல்வேன், எத்தனை தடவை கேட்டாலும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வாணிக்கு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பாட்டிலுக்குள் கரியமில வாயு சரியான அளவு ஏறியிருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. “சோடா வாணின்னு சும்மாவா பேர் வச்சாங்க” என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் திருப்பிச் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கல்லையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே கொண்டுபோய்ப் பூந்தொட்டிகளில் கொட்டினாள். எரிமலை மண்ணில் எங்கள் கறிவேப்பிலை கோபுர உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. சரி, என் இடுப்பு உயரம்.

“நீ நம்புறியா?” என்று ஒருநாள் சீதாலெட்சுமியைக் கேட்டேன்.

“ஆறு ஓடினதையா? நம்புறேன்.”

“நான் சொன்னதுக்காகவா?”

“நீங்க சொன்னதுக்காக யாரு நம்புவா? அன்னிக்கு நீங்க வாயை மூடிக்கிட்டு நின்னீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களை அப்படி நான் பார்த்ததில்ல. அதான் நம்புறேன்.”

புது வருடம் பிறந்து சில வாரத்தில், எங்கோ வெளிநாட்டில் ஒரு குழு, குளிர்ந்த செவ்வாயில் சில தடங்களைத் திரவக் கரியமில வாயுவும் அறுத்திருக்கக்கூடும் என்று கட்டுரை போட்டது. வானொலியில் விமலனைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இந்தச் சாத்தியத்தை நாங்கள் எங்கள் துறையில் தொடக்கத்திலிருந்தே பரிசீலித்து வந்திருக்கிறோம்” என்றார். நாங்களாம்! நான் வானொலியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தேன், அது கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் வரை பறந்தது. உண்மையில் அணைத்தேன். பலமாக அணைத்தேன்.

அந்தக் கட்டுரையைப் பார்த்து வாணிக்கு மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது. பாங்கி என்ற ஊரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு எழுதிப் போட்டாள். அங்கேயும் கண்ணாடி வைத்த கலம் இருந்தது. நேர்காணல் நன்றாகவே போனது. பழைய மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு இடம் இல்லை என்றார்கள். நேர்காணலில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் மனது கேட்காமல் வாணியைக் கூப்பிட்டு, விமலன் தொலைபேசியில் சொன்னதைச் சொல்லிவிட்டார்: “நல்ல பொண்ணு. கற்பனை கொஞ்சம் அதிகம். அது குடும்ப வழக்கம்.”

வாணி இதைச் சோறு பிசைந்துகொண்டே எங்களிடம் சொன்னாள். “விடுங்க மாமா. பாட்டில்ல கேஸ் ஏத்துறதும் கேஸ்தான்” என்றாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நான் விடுகிற ஆளா? பிரிக்ஃபீல்ட்ஸில் அமானுல்லா என்று ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர் முடிதிருத்துகிறார். வேலை பர்மிட்டில் வந்தவர், கை நயமானவர். விமலன் மாதம் ஒருமுறை சனிக்கிழமை மத்தியானம் அங்கே தலைக்குச் சாயம் போட வருவார் என்பது ஊரறிந்த ரகசியம். நான் போனபோது கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றி, தலையிலும் மீசையிலும் கருப்புப் பசை அப்பி, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓட முடியாது. ஓடினால் பாதி நரையோடு ஓட வேண்டும்.

“அண்ணே, டாக்டருக்குச் சாயம் ஊறணும். நான் தொழுதுட்டு வந்திடறேன், பார்த்துக்கிறீங்களா?” என்றார் அமானுல்லா.

“நிதானமா வாங்க. நான் பத்திரமா பார்த்துக்கிறேன்.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம்.

“பாங்கியிலேர்ந்து போன் வந்துச்சாமே டாக்டர்?”

“நல்ல பொண்ணுன்னுதான் அண்ணே சொன்னேன்.”

“அப்புறம் எங்க குடும்பத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை நல்லதா சொன்னீங்களாம்.”

அவர் பேசவில்லை. உதட்டை அசைத்தால் பசை வாயில் இறங்கும் என்பதும் ஒரு வசதி.

நான் பெருமூச்சு விட்டேன். “நீங்க சொன்னதும் சரிதான். எனக்கே இப்ப சந்தேகம் வந்திடுச்சு. வயசாச்சுல்ல? அன்னிக்கு அந்த ஆறு வலதுபக்கம் திரும்பி, மறுபடி இடதுபக்கம் திரும்பி, மூணு வளைவு வளைஞ்சுதுன்னு இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா நீங்களே பனின்னு சொல்றப்ப…”

கண்ணாடியில் அவர் புருவம் சுருங்கியது. பசை ஓரத்தில் வெடித்தது.

“கடைசியில மண்ணு அஞ்சு விரலாட்டம் பிரிஞ்சு விரிஞ்சுதே, அதுவும் என் கற்பனையாத்தான் இருக்கும். அஞ்சா, ஆறா? ஆறுதான்னு நினைக்கிறேன்.”

“ரெண்டு” என்றார் விமலன்.

“என்ன டாக்டர்?”

“ரெண்டு பிரிவு. வளைவும் மூணு கிடையாது, ஒண்ணுதான். இடதுபக்கம்.” சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாயை மூடினார். இருபது வருடம் மாணவர்களின் தப்பைத் திருத்திய நாக்கு. எதிரே ஒருவன் தப்பாகச் சொன்னால் அதற்குப் பொறுக்காது.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

“அந்தப் பாங்கி ஆளுங்களுக்கு ஒரு போன் போடுங்க டாக்டர்” என்றேன். “நானே நம்பரை அழுத்திக் காதுல வச்சுப் பிடிக்கிறேன். என் போன்ல சாயம் ஒட்டினாலும் பரவால்ல.”

“இப்ப போய் என்னன்னு சொல்றது அண்ணே? இத்தனை நாளா பார்க்கலைன்னு சொன்னவன், இன்னிக்குப் பார்த்தேன்னா? அந்தக் கட்டுரை வந்ததுக்கு அப்புறமா? என் பேரு என்னாகும்?”

“வாணி பேரு என்னாச்சு?”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. நடுவில் எங்கேயோ பார்த்தார்.

“நீங்க வெளியில போய்ச் சொல்லப் போறீங்க, நான் ஒத்துக்கிட்டேன்னு” என்றார்.

“கட்டாயம் சொல்வேன்.”

“சொல்லுங்க அண்ணே. யாரும் நம்ப மாட்டாங்க.” அதில் நக்கல் இல்லை. வானிலை அறிவிப்பு வாசிக்கிற மாதிரி சொன்னார். கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அமானுல்லா இன்னும் வரவில்லை. துணிக்குள்ளிருந்து ஒரு விரலை வெளியே எடுத்து, முன்னால் இருந்த பவுடர் சிந்திய மேசையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். இடதுபக்கம் ஒரே ஒரு வளைவு. நுனியில் இரண்டு பிரிவு. வலது கரையில், நானே மறந்துபோயிருந்த இடத்தில், மண் சரிந்ததற்கு ஒரு சின்னப் பள்ளம்.

“அழகா இருந்துச்சு அண்ணே” என்றார். “ஓடுச்சு. நான் பார்த்தேன்.”